சனிக்கிழமை ஏழரை மணி, ஈஸ்ட் கோஸ்ட்: 14 மாத பார்க்ரன் அனுபவம்

எனக்கு வயது 52. சிங்கப்பூரில் இருக்கிறேன். வேலை துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில், வீடு பிடோக்கில். 14 மாதமாகச் சனிக்கிழமை காலைகளில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் நடக்கும் பார்க்ரன் என்ற ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் போய்வருகிறேன். 41 தடவை ஓடியிருக்கிறேன். 9 தடவை ஓடாமல் தொண்டூழியம் செய்திருக்கிறேன். அந்த 9 தடவையைப் பற்றிச் சொல்லத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன் நடந்ததைச் சொன்னால்தான் அது விளங்கும்.

40 வயதுவரை என்னை ஓட வைக்க ஓர் ஏற்பாடு இருந்தது. கட்டாய ராணுவச் சேவை முடித்த போர்க்காலப் படைவீரர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஐபிபிடி என்ற உடற்தகுதிச் சோதனைதான். 2.4 கிலோமீட்டரை நேரத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அதற்கு இரண்டு மாதம் முன்பே புளோக்கைச் சுற்றி ஓட ஆரம்பித்துவிடுவேன். படைக் கடமை முடிந்ததும் நண்பர்கள் எல்லாரும் சேர்ந்து சந்தோஷமாகச் சாப்பிடப் போனோம். அதற்கப்புறம் என்னை ஓடச் சொல்ல ஆள் இல்லை. 68 கிலோ இருந்தவன் 50 வயதில் 86 கிலோ ஆனேன். இடுப்பு 98 சென்டிமீட்டர். ஆசிய ஆண்களுக்கு 90-ஐத் தாண்டினாலே ஆபத்து கூடும் என்று பாலிகிளினிக்கில் தாதி சொன்னார். சர்க்கரை இன்னும் நோயாகவில்லை, ஆனால் அதற்கு முந்தின படியில் நிற்கிறது என்றார் டாக்டர். என் அப்பாவுக்குச் சர்க்கரையால் இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். கட்டு மாற்றும்போதெல்லாம் பக்கத்தில் நின்று அவர் கையைப் பிடித்திருந்தவன் நான். டாக்டர் சொன்ன அந்த ஒரு வரியில் எனக்கு அப்பாவின் கால்தான் தெரிந்தது.

அன்றைக்கே ஏதாவது செய்ய வேண்டும் என்று வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜிம்மில் 18 மாத ஒப்பந்தம் போட்டேன். ஏழு வாரம் ஒழுங்காகப் போனேன். எட்டாவது வாரம் முதுகு பிடித்துக்கொண்டது. பத்து நாள் ஓய்வு என்று வீட்டில் இருந்தவன் திரும்பிப் போகவே இல்லை. ஏன் வரவில்லை என்று அங்கிருந்து ஒரு குறுஞ்செய்தியும் வரவில்லை. மாதக் கட்டணம் மட்டும் வங்கியிலிருந்து போய்க்கொண்டிருந்தது. அடுத்து கையில் ஒரு கடிகாரம் கட்டிக்கொண்டு தினமும் 10,000 அடி நடந்தேன். நான்கு மாதம் நன்றாகத்தான் போனது. பட்டறைப் படியில் கால் சுளுக்கியதும் கடிகாரம் இழுப்பறைக்குள் போய்விட்டது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. நடுவயதில் உடற்பயிற்சி விட்டுப்போவது சோம்பேறித்தனத்தால் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் சோம்பலில் விடவில்லை. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு வலியில்தான் நின்றேன். வலி போனபோது பழக்கமும் போயிருந்தது. 25 வயதில் சுளுக்கு மூன்று நாளில் சரியாகிவிடும். 50-ல் மூன்று வாரம் ஆகிறது. மூன்று வாரத்தில் மனசு வேறு வழிக்குப் பழகிவிடுகிறது. அதனால் எங்கள் வயதுக்காரர்களுக்கு எந்த உடற்பயிற்சி ஏற்பாட்டையும் நான் இப்போது இந்த ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: அடிபட்டுக் கிடக்கும் வாரங்களில் அது என்னை என்ன செய்யும்?

பட்டறையில் பெயிண்டிங் பிரிவில் இருக்கும் பிலிப்பீனோ நண்பர் ஒருவர்தான் பார்க்ரன்னைப் பற்றிச் சொன்னார். சனிக்கிழமைதோறும் ஐந்து கிலோமீட்டர். ஓடலாம், நடக்கலாம், கொஞ்சம் ஓடிக் கொஞ்சம் நடக்கலாம். கட்டணம் கிடையாது. இணையத்தில் ஒரே ஒரு தடவை பதிந்தால் உங்கள் பேருக்கு ஒரு பார்கோடு வரும், ஆயுசுக்கும் அதுதான். வாராவாரம் முன்பதிவெல்லாம் வேண்டாம், போய் நின்றால் போதும். 2004 அக்டோபர் 2 அன்று லண்டனில் புஷி பூங்காவில் பால் சின்டன்-ஹியூவிட் என்பவர் 13 ஓட்டக்காரர்களை வைத்து இதைத் தொடங்கினார். அவர் அப்போது அடிபட்டு ஓட முடியாமல் இருந்தார். ஓட முடியாவிட்டாலும் ஓட்டக்கார நண்பர்களை விட்டுப் பிரியக்கூடாது என்றுதான் நேரம் குறிக்கக் கிளம்பியிருக்கிறார். சிங்கப்பூருக்கு 2014-ல் வந்தது, முதலில் வந்த இடம் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா. பதிவு செய்த அன்றைக்கு இதையெல்லாம் மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போய்விட்டேன்.

முதல் நாள் ஆறே முக்காலுக்கு மிதிவண்டியில் கிளம்பினேன். வானம் இன்னும் வெளுக்கவில்லை. விரைவுச்சாலைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையைத் தாண்டியதும் கடல்காற்று முகத்தில் அடித்தது. கூட்டத்தைப் பார்த்ததும் திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. எல்லாரும் மெலிந்த ஆட்களாகத் தெரிந்தார்கள். ஐந்து நிமிடம் நின்று பார்த்தபிறகுதான் மற்றவர்கள் கண்ணில் பட்டார்கள்: என்னைவிடப் பெரிய வயிறுக்காரர்கள், முழங்காலில் பட்டை கட்டியவர்கள், எழுபதைத் தாண்டிய ஒரு சீனத் தாத்தா. புதிதாக வந்தவர்களைத் தனியாக அழைத்துப் பாதையை விளக்கினார்கள். கடைசியில் சொன்ன ஒரு விஷயம் எனக்குத் தெம்பு தந்தது. கூட்டத்தின் கடைசி ஆள் எப்போதும் ஒரு தொண்டூழியர்தானாம். டெய்ல் வாக்கர் என்று பெயர். நீங்கள் எவ்வளவு மெதுவாகப் போனாலும் உங்களுக்குப் பின்னால் ஒருவர் வந்துகொண்டிருப்பார்.

முதல் கிலோமீட்டரை வீம்பில் ஓடினேன். இரண்டாவதில் மூச்சு முட்டியது. அப்புறம் நடை, கொஞ்சம் ஓட்டம், மறுபடி நடை. கடலில் கப்பல்கள் நங்கூரம் போட்டு வரிசையாக நின்றன. ஒன்றின் அடிப்பக்கச் சிவப்புப் பெயிண்ட் ஆளுயரத்துக்கு மேல் வெளியே தெரிந்தது. சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாக நிற்கும் கப்பல். 27 வருடமாகக் கப்பலின் அடிவயிற்றில் வேலை செய்கிறேன். விடிகிற வெளிச்சத்தில், தண்ணீரில் மிதக்கும் முழுக் கப்பலை நிதானமாகப் பார்த்தது அன்றைக்குத்தான். நேரம் 47 நிமிடம் 12 விநாடி.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் கையில் ஒரு பிளாஸ்டிக் டோக்கன் தருவார்கள். அதில் நீங்கள் எத்தனையாவது ஆள் என்ற எண் இருக்கும். பார்கோடு ஸ்கேன் செய்யும் தொண்டூழியரிடம் போய் முதலில் உங்கள் பார்கோடு, பிறகு டோக்கன், இரண்டையும் காட்ட வேண்டும். டோக்கனை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், ஞாபகமாக. அன்றைக்கே மின்னஞ்சலில் முடிவு வந்துவிடும். நேரத்தோடு ஒரு விழுக்காடும் இருக்கும். அதை ஏஜ் கிரேடு என்கிறார்கள்: உங்கள் வயது, ஆணா பெண்ணா என்பதைப் பார்த்து, அந்த வயதுக்குரிய உலகத் தரத்தோடு உங்கள் நேரத்தை ஒப்பிட்ட கணக்கு. எனக்கு முதல் தடவை 31 விழுக்காடு வந்தது. இந்த எண் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. 22 வயதுப் பையனோடு என்னை ஒப்பிடாமல் 52 வயது மனிதனாகவே வைத்து மதிப்பெண் போடுகிறது. வயது ஏற ஏற நேரம் கூடினாலும் இந்த எண்ணை ஏற்ற முடியும். எங்கள் வயதில் முன்னேற்றத்தைப் பார்க்க இதைவிட நியாயமான வழியை நான் கண்டதில்லை.

வாரங்கள் போயின. 45 நிமிடம், 43, 41. 17-ஆவது தடவை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து லிஃப்ட்டில் நிற்கும்போது வலது முழங்கால் சில்லுக்குப் பின்னால் ஊசி குத்துவதுபோல் இருந்தது. மறுநாள் படி இறங்க முடியவில்லை. தொடைத் தசைக்குப் பலம் போதாமல் முட்டி சுமையெல்லாம் வாங்கிக்கொள்கிறது, ஆறு வாரம் ஓடாதீர்கள் என்றார் உடலியக்க மருத்துவர். வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றி அடுக்கில் வைத்தபோது மனைவி என் முகத்தைப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே நினைப்புதான். ஜிம், கடிகாரம், இப்போது இது.

அந்த வியாழக்கிழமை ஒரு மின்னஞ்சல் வந்தது. இந்தச் சனிக்கிழமைக்குத் தொண்டூழியர்கள் வேண்டும், ஓட முடியாதவர்கள் வரலாமே என்று. நான் பேரைக் கொடுத்தேன். அந்த ஒரு பதில்தான் முந்தின இரண்டு தடவைக்கும் இந்தத் தடவைக்கும் வித்தியாசம்.

பார்கோடு ஸ்கேன் செய்வது என் வேலை. கைப்பேசியில் ஒரு செயலி, அவ்வளவுதான். ஓடி முடித்தவர்கள் மூச்சு வாங்கியபடி வரிசையில் வந்து, வியர்வையில் ஊறிய டோக்கனை நீட்டுவார்கள். காகிதத்தில் அச்சிட்டு நான்காக மடித்து வைத்திருப்பார் ஒருவர், சுருக்கத்தை நீவி நீவித்தான் படிக்க வேண்டும். இன்னொருவர் மணிக்கட்டில் பட்டையாகக் கட்டியிருப்பார். 17 வாரம் அவர்களோடு ஓடியபோது யாருடைய பெயரும் எனக்குத் தெரியாது. ஒரே காலை ஸ்கேன் செய்ததில் ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன், ஒவ்வொருவரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தச் சீனத் தாத்தா என் முட்டியைக் காட்டி, "என்ன ஆச்சு? இன்னைக்கு ஓடலையா?" என்று கேட்டார். அவர் என்னைக் கவனித்திருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அடுத்த வாரம் எனக்காக ஒரு முட்டிப் பட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆறு வாரமும் போனேன். ஒரு நாள் கடிகாரம் பிடித்தேன், ஒரு நாள் திரும்பும் இடத்தில் நின்று கைகாட்டினேன். ஆறாவது வாரம் நடக்கலாம் என்று உடலியக்க மருத்துவர் சொல்லிவிட்டார். டெய்ல் வாக்கர் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்குக் கூட்டத்தின் கடைசியில் ஒரு தமிழ்ப் பெண்மணி. அறுபதைத் தாண்டியிருப்பார். சுடிதார், கேன்வாஸ் காலணி, தோளில் ஒரு துண்டு. மகள் பதிந்து கொடுத்து அனுப்பிவைத்திருக்கிறாள். பள்ளி கேன்டீனில் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். அரை கிலோமீட்டரிலேயே நின்றுவிட்டார்.

"தம்பி, நான் ரொம்ப மெதுவாத்தான் வருவேன். எனக்காக நிக்காதீங்க, நீங்க முன்னாடி போங்க."

"இல்லக்கா, எனக்கு இன்னைக்குக் கடைசியா வர்றதுதான் வேலை. நீங்க எப்ப முடிக்கிறீங்களோ அதுக்கப்புறம்தான் நான் முடிக்கணும்."

நான் சொன்னது அவருக்குச் சட்டென்று விளங்கவில்லை. என் முதுகில் இருந்த எழுத்தைத் திரும்பிக் காட்டினேன். அப்புறம் அவர் நடந்த விதமே மாறிவிட்டது. யாரையோ காக்க வைக்கிறோம் என்ற பதற்றம் போய்விட்டது. மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு பெஞ்சில் இரண்டு நிமிடம் உட்கார்ந்தோம். 30 வருடம் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மீகோரெங்கும் நாசி லெமாக்கும் சமைத்தாராம். கடையை மூடிய பிறகு எழுந்திருக்க ஒரு காரணமே இல்லாமல் போனது என்றார். கால் வலியைவிட அதுதான் பெரிய வலியாகச் சொன்னார்.

ஒரு மணி நாலு நிமிடத்தில் முடித்தார். அங்கே ஒருவர் கடிகாரத்தோடும் ஒருவர் டோக்கனோடும் ஒருவர் கைப்பேசியோடும் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். தள்ளி மர நிழலில் இருந்தவர்கள் எழுந்து கைதட்டினார்கள். டோக்கனை வாங்கிக்கொண்டு அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்: "இவ்ளோ நேரம் எனக்காகவா நின்னுட்டு இருந்தாங்க?"

நான் கட்டிய எந்தக் கட்டணத்துக்கும் இந்தச் சேவை கிடைக்கவில்லை. அதற்கு அடுத்த சனிக்கிழமை நான் மறுபடி ஓடினேன், 44 நிமிடம் ஆனது, கவலைப்படவே இல்லை. ஆறு வார இடைவெளி எனக்கு இடைவெளியாகவே இல்லை. சனிக்கிழமை காலை என் உடம்பு அதே நேரத்துக்கு எழுந்துகொண்டுதான் இருந்தது.

இப்போது 33 நிமிடம் 50 விநாடி, 43 விழுக்காடு. எடை 81, இடுப்பு 92. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.3-லிருந்து 5.9-க்கு இறங்கியிருக்கிறது. இதை ஓட்டத்தின் கணக்கில் மட்டும் எழுத மாட்டேன். காலைத் தேநீரைப் பாலும் சர்க்கரையும் இல்லாத தே-ஓ கொசொங்காக மாற்றியதற்கும் ராத்திரிச் சோற்றைக் குறைத்ததற்கும் அதில் பங்கு உண்டு.

வாரத்துக்கு ஒரு ஐந்து கிலோமீட்டர் போதவே போதாது. இதை நம்பி மற்ற ஆறு நாளும் உட்கார்ந்திருந்தால் பலன் கிடைக்காது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டியில் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவும், குறைந்தது இரண்டு நாள் தசைக்குப் பலம் தரும் பயிற்சியும் வேண்டும் என்று இருக்கிறது. நான் செவ்வாயும் வியாழனும் பட்டறையிலிருந்து வரும்போது லிஃப்ட்டை விட்டு 12 மாடி ஏறுகிறேன். ஞாயிறும் புதனும் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி, 12 தடவை வீதம் மூன்று சுற்று. பிறகு படியில் ஒற்றைக்காலில் மெல்ல இறங்குவது. முட்டி போன பிறகுதான் தொடைத் தசையின் அருமை தெரிந்தது. 40-ஐத் தாண்டி முதன்முதலாக ஓடப் போகிறவர்கள் தயவுசெய்து என்னைப் போல் அடிபடும்வரை காத்திருக்காமல் முதல் மாதமே இதைச் செய்யுங்கள். நெஞ்சுவலி, மூச்சிறைப்பு இருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆனால் இந்த வாரநாள் பயிற்சி எதுவும் எனக்குத் தானாக நிலைத்துவிடவில்லை. சனிக்கிழமை ஒன்று இருக்கிறது, அதற்குப் போய் நிற்க வேண்டும் என்பதால்தான் செவ்வாய்க்கிழமை படி ஏறுகிறேன்.

எங்களைப் போல் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களுக்குச் சனிக்கிழமை ஏழரை மணி என்பது பெரிய பிரச்சினை. நான் மேற்பார்வையாளரிடம் பேசி மாதம் மூன்று சனிக்கிழமைக்கு மாற்றிக் கொண்டேன். எல்லாருக்கும் இது வாய்க்காது என்று தெரியும். வெயில் எட்டு மணிக்கே சுடத் தொடங்கிவிடும், ஈரப்பதம் வேறு. தண்ணீர் கொண்டுபோங்கள், லண்டன்காரர்களின் நேரத்தோடு உங்கள் நேரத்தை ஒப்பிடாதீர்கள். பார்கோடு இல்லாமல் ஓடினால் நேரம் பதிவாகாது. ஒரு தடவை மறந்துவிட்டுப் போய் நல்ல ஓட்டம் ஒன்று கணக்கில் வராமல் போனது, அதனால் அதை லேமினேட் செய்து சாவிக்கொத்தில் மாட்டிவிட்டேன். 50 முடித்தால் சிவப்புச் சட்டை, 100-க்குக் கறுப்பு என்று இருக்கிறது. சட்டையைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், கட்டாயம் இல்லை. எனக்கு அந்தச் சிவப்பு வேண்டும். இன்னும் ஒன்பது இருக்கிறது.

அதே பார்கோடு எந்த நாட்டிலும் செல்லும். தீபாவளிக்குக் கோலாலம்பூரில் மச்சான் வீட்டுக்குப் போனபோது தாமான் பூடு உலுவில் ஓடினேன். முன்பெல்லாம் பண்டிகைப் பயணம் என்றால் பயிற்சி அதோடு முறிந்துவிடும். இந்தத் தடவை மச்சானையும் இழுத்துக்கொண்டு போனேன். முதல் கிலோமீட்டரிலேயே திட்டத் தொடங்கியவர், அதற்கப்புறம் என்னைக் கேட்காமலே இரண்டு தடவை போயிருக்கிறார்.

நான் போகும் காலைகளில் தமிழ் முகங்கள் ஏழெட்டுத்தான் பார்க்கிறேன். நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத வீடு எத்தனை என்று யோசித்தால் இது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. 2024 ஜூனில் தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் ரயில் தடம் மரீன் பரேட், சிக்லாப் பக்கம் திறந்துவிட்டது, மிதிவண்டி இல்லாதவர்களும் பூங்காவுக்கு நடந்து வந்துவிடலாம். சனிக்கிழமை காலை தொடக்க நேரத்தைப் பார்க்ரன் தளத்தில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். விளக்கம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழில் வேண்டுமென்றால் அந்தக் கேன்டீன் அக்காவைக் கேளுங்கள். அவர் இப்போது மாதம் ஒரு முறை புதியவர்களை வரவேற்கும் இடத்தில் நிற்கிறார், தோளில் அதே துண்டோடு. மற்ற வாரங்களில் நடக்கிறார். போன சனிக்கிழமை 56 நிமிடம்.